நோவாவை நிறுத்தக் கற்ற இரண்டு கோடைகள்

1969ஆம் ஆண்டின் செவ்ரோலே நோவா ஒன்றை நான் மிச்சிகனில் வாங்கிய நாளில், அதை விற்ற பெரியவர் எஞ்சினைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். 383 கன அங்குலத்துக்குப் பெரிதாக்கிய ஸ்மால் பிளாக் எஞ்சின், வால்வுகளை நெடுநேரம் திறந்து வைத்திருக்கும் கேம் ஷாஃப்ட், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி, பின்னால் 4.10 விகிதத்தில் பல்சக்கரம் போட்ட 12 போல்ட் ஆக்ஸில் என்று ஒவ்வொன்றையும் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பிரேக்கைப் பற்றிக் கேட்டதும், "முன்னால் டிஸ்க் மாற்றிவிட்டேன், பூஸ்டரும் இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். வாகன உதிரிபாகத் துறையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் அதற்கு மேலும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் காதில் ஏறியபின் மற்ற எதுவும் ஏறவில்லை என்பதே உண்மை.

வீட்டுக்கு ஓட்டி வரும் வழியில் மூன்றாவது ஸ்டாப் பலகையில் அந்தக் கார் நிற்கவில்லை. வேகம் அதிகமில்லை, மணிக்கு 25 மைல் இருக்கலாம். பெடலை மிதித்தேன், முதல் அரை அங்குலம் மெத்தென்று இறங்கியது, அதன்பின் செங்கல்லை மிதித்ததுபோல் இறுகிவிட்டது. இரண்டு காலையும் வைத்து அழுத்தியும் கார் பலகையைத் தாண்டி, சாலைச் சந்திப்பின் நடுவில் போய்த்தான் நின்றது. குறுக்கே யாரும் வராததால் இதை இன்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த நாளிலிருந்து இரண்டு கோடைகாலம், எஞ்சினில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடத் தொடாமல், பிரேக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கார்கள் பிறக்கும்போதே நிறுத்துவதில் சுமார்தான். சாதாரணக் காரில் பெரிய எஞ்சினை வைக்கும் மசில் கார் என்ற வகையையே தொடங்கி வைத்ததாகப் பலரும் சொல்லும் 1964ஆம் ஆண்டின் பாண்டியாக் ஜி.டி.ஓ.வில் 325 குதிரைத்திறன் இருந்தது. நான்கு சக்கரங்களிலும் இருந்தவை வெறும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக்குகள். என் நோவாவும் தொழிற்சாலையிலிருந்து அதே ஒன்பதரை அங்குல டிரம்மோடுதான் வெளிவந்தது. முன் டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் கூடுதலாகப் பணம் கட்டிக் கேட்டு வாங்க வேண்டும். டிரம் பிரேக் ஒருமுறை நன்றாகவே பிடிக்கும். சுழலும் டிரம், உள்ளிருந்து அதை உரசிப் பிடிக்கும் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்வதால் காலுக்கு அதிக வேலை இராது. அடுத்தடுத்து நாலைந்து முறை பிடித்தால்தான் வம்பு: டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகும், ஷூவின் மேல் ஒட்டியுள்ள லைனிங்கின் பிடிமானமும் குறையும்.

இப்படிப்பட்ட காரை, நேர்ப்பாதையில் கால் மைல் ஓடும் டிராக் பந்தயத்துக்காக மாற்றும்போது நடப்பதைத்தான் நான் மெதுவாகப் புரிந்துகொண்டேன். வேகத்துக்காகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பிரேக்கின் பங்கிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்கிறது. கேம் ஷாஃப்ட் பூஸ்டரின் வெற்றிடத்தை எடுத்துக்கொள்கிறது. எடையைக் குறைப்பதற்காகப் போடும் ஒல்லியான முன் டயர் சாலையோடு உள்ள தொடர்பை எடுத்துக்கொள்கிறது. கிளம்பும்போது மூக்கைத் தூக்க வைக்கும் ஷாக் அப்சார்பர், நிற்கும்போது முன்சக்கரத்தின் நிதானத்தைக் கெடுக்கிறது. என் காரில் இருந்த எந்தப் பாகமும் மட்டமானதல்ல. விலையுயர்ந்த நல்ல பாகங்களை ஒருவர் பத்து வருடமாக ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டியிருந்தார். அவை ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்க்கத்தான் யாரும் இல்லை.

முதலில் பூஸ்டருக்கு வருகிறேன். எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டுதான் பூஸ்டர் நம் காலின் விசையைப் பெருக்குகிறது. சாதாரண எஞ்சின் ஐடிலில் 17 முதல் 20 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் தரும். பூஸ்டர் முழுமையாக வேலை செய்ய ஏறத்தாழ 18 வேண்டும். பந்தயக் கேம் ஷாஃப்டில் இன்டேக் வால்வும் எக்சாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கால அளவு அதிகம். அதனால்தான் அந்த அழகான 'தடக் தடக்' ஐடில் சத்தம் வருகிறது, அதனாலேயே வெற்றிடமும் கிடைப்பதில்லை. ஒரு வெற்றிட மானியை மாட்டிப் பார்த்தேன். நியூட்ரலில் ஒன்பது அங்குலம் காட்டியது. கியர் போட்டு நிறுத்தியபோது ஏழுக்கு இறங்கியது. பூஸ்டரில் சேமிப்பாக இருந்த கொஞ்ச வெற்றிடத்தை முதல் இரண்டு ஸ்டாப் பலகைகளில் செலவழித்துவிட்டு, மூன்றாவதற்கு ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறேன். பழைய காரை வாங்கப் போகிறவர்கள் இருபது டாலர் வெற்றிட மானி ஒன்றை உடன் கொண்டுபோவது நல்லது. ஐடில் சத்தம் காதுக்கு எவ்வளவு இனிமையோ, அவ்வளவுக்கு அந்த முள் கீழே நிற்கும்.

இதற்கு மூன்று தீர்வுகள் இருந்தன. மின்சார வெற்றிட பம்ப் வைக்கலாம். பவர் ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட்டுக்கு மாறலாம். கனரகப் பிக்கப் வண்டிகளில் இருப்பது, மிக நன்றாகப் பிடிக்கும், ஆனால் என் காரில் எடையைக் குறைக்க பவர் ஸ்டீயரிங்கையே முன்பு கழற்றிவிட்டிருந்தார்கள். மூன்றாவது வழி, பூஸ்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் காலின் பலத்தாலேயே நிறுத்தும்படி கணக்கைச் சரிசெய்வது. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். மின்சாரமோ பெல்ட்டோ இல்லாத பிரேக்கில் பழுதாவதற்குரிய பாகங்கள் குறைவு என்பது என் கணிப்பு. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் காராக இருந்திருந்தால் ஹைட்ரோபூஸ்ட்டையே எடுத்திருப்பேன்.

இங்கேதான் கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், நானும் தவறினேன். பெடலின் விசையை எண்ணெய் அழுத்தமாக மாற்றிக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் துளை பெரிதாக இருந்தால் பிரேக் பலமாக இருக்கும் என்று மனம் இயல்பாக நினைக்கிறது. உண்மை நேர்மாறானது. ஒரே விசையைப் பெரிய பரப்பில் பரப்பினால் அழுத்தம் குறையும். என் காரில் பூஸ்டரோடு இருந்தது ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த, அதாவது ஒன்று அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் துளையுள்ள மாஸ்டர் சிலிண்டர். அதன் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர அங்குலம். பூஸ்டர் உள்ள காரில் பெடலின் நெம்பு விகிதம் சுமார் நான்குக்கு ஒன்று. காலால் 70 பவுண்டு விசை கொடுத்தால், பூஸ்டர் கைவிட்ட நிலையில், குழாயில் சதுர அங்குலத்துக்கு 280 பவுண்டு அழுத்தம்தான் உண்டாகும். டிஸ்க் பிரேக்குக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. டிரம்மைப்போல் டிஸ்க் தன்னைத்தானே இழுத்து அழுத்திக்கொள்வதில்லை; அதற்கு வேண்டிய முழு அழுத்தத்தையும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

அந்தக் கால ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் பிரேக் பெடல் தண்டில் இரண்டு துளைகள் இருக்கும். கீழ்த்துளை பூஸ்டர் உள்ள காருக்கு, மேல்துளை பூஸ்டர் இல்லாத காருக்கு. மேல்துளை சுழல் புள்ளிக்கு அருகில் இருப்பதால் நெம்பு விகிதம் ஆறுக்கு ஒன்றாக உயர்கிறது. அத்தோடு மாஸ்டர் சிலிண்டரின் துளையைப் பதினாறில் பதினைந்து அங்குலமாகக் குறைத்தால், பரப்பு 0.69 சதுர அங்குலம். அதே 70 பவுண்டு காலுக்கு இப்போது சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டுக்கும் மேல் கிடைக்கும். காலில் எந்த மாற்றமும் இல்லாமல் அழுத்தம் இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. இதற்கு விலையும் உண்டு: சிறிய சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் எண்ணெய் குறைவு என்பதால் பெடல் அதிக தூரம் இறங்கும். எட்டில் ஏழு அங்குலத்துக்கும் போகலாம், ஆனால் பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் பெரிதாக உள்ள காரில் பெடல் தரையைத் தொட்டுவிடும் அபாயம் இருப்பதால் நான் போகவில்லை.

கணக்கைச் செய்து முடித்துவிட்டு நான் செய்த காரியம் என்ன தெரியுமா? புதிய மாஸ்டர் சிலிண்டர் வந்து சேர ஒரு வாரமாகும் என்றார்கள். பொறுமையில்லாமல் பூஸ்டரை மட்டும் கழற்றிவிட்டு, பழைய மாஸ்டர் சிலிண்டரையே நேரடியாக எஞ்சின் அறையின் தடுப்புச் சுவரில் பூட்டி, பிஸ்டனைத் தள்ளும் தண்டான புஷ் ராடை மேல்துளையில் இணைத்துவிட்டேன். பூஸ்டருக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டனின் பின்பக்கக் குழி விரல்நுனி புதையும் அளவே ஆழமுள்ளது, ஏனென்றால் பூஸ்டரின் தண்டு எப்போதும் நேர்க்கோட்டில் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பூஸ்டர் இல்லாத காரில் பெடலோடு ஆடும் புஷ் ராட் உள்ளே ஆழமாகப் போய் நிற்க வேண்டும். அதற்கென்று ஆழக்குழி உள்ள மாஸ்டர் சிலிண்டர் தனியாக வருகிறது. ஆழமில்லாத குழியில் வைத்த புஷ் ராட், பெடல் முழுவதும் மேலே எழும்பும்போது நழுவி விழுந்துவிடலாம். எனக்குக் காரேஜிலேயே விழுந்தது. பெடலை நான்கைந்து முறை மிதித்துப் பார்த்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம், அதன்பின் காலுக்குக் கீழே எதுவுமே இல்லை. சாலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பூஸ்டரைக் கழற்றுகிறவர்கள் துளையின் அளவைப் பார்ப்பதற்கு முன்பே குழியின் ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

புதிய சிலிண்டர் வந்தபின் ஏர் எடுப்பதற்கு, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்கு, என் மனைவிதான் பெடலில் உட்கார்ந்தார். எங்கள் அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். சிறுவயதில் வேன்களுக்கும் ஜீப்புகளுக்கும் ஏர் எடுக்கும்போது என்னைத்தான் பெடலில் உட்கார வைப்பார். "மிதி, பிடி, விடு" என்ற மூன்று சொற்களைத் தவிர அந்த அரைமணி நேரம் வேறு பேச்சு கிடையாது. அதே சொற்களைக் கடல் கடந்து வந்து நான் சொல்ல, கடைசிச் சக்கரத்தில் "ஏங்க, இன்னும் கால் பஞ்சு மாதிரி இறங்குதுங்க" என்றார் மனைவி. இரண்டு பாட்டில் பிரேக் ஆயில் தீர்ந்தும் அந்தப் பஞ்சுத்தன்மை போகவில்லை. காரணம் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சிக்கியிருந்த காற்று. புதிய மாஸ்டர் சிலிண்டரைக் காரில் பூட்டுவதற்கு முன்பே வைஸில் மட்டமாகப் பிடித்து, இரண்டு சிறு குழாய்களால் எண்ணெயை அதன் தொட்டிக்கே திருப்பிவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை தண்டைத் தள்ளி ஏர் எடுத்திருக்க வேண்டும். கழற்றி, அப்படிச் செய்து, மீண்டும் மாட்டினேன். பெடல் கல்போல் நின்றது.

அடுத்த பாடம் வுட்வர்ட் சாலையில் கிடைத்தது. டெட்ராய்ட்டின் வடக்கே, 1960களில் இளைஞர்கள் இரவில் காரோட்டிப் பந்தயம் கட்டிய அதே சாலையில், 1995 முதல் ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் மூன்றாவது சனிக்கிழமை பழைய கார்களின் பெரும் ஊர்வலம் நடக்கிறது. ஊர்வலம் என்றால் ஊர்வதுதான். நான்கு மணி நேரத்தில் மணிக்கு ஐந்து மைலைத் தாண்ட முடியாது. ஒரு மணி நேரத்தில் என் கார் தானாக நகர மறுத்தது, முன்சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. ஓரம்கட்டிச் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனால் சூளை வெக்கை. முதலில் ரப்பர் ஹோஸைச் சந்தேகித்தேன். பழைய ஹோஸின் உள்சுவர் வீங்கினால் எண்ணெய் போகும், திரும்பி வராது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சூடாகியிருந்ததால், குற்றவாளி இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அது எச்ச அழுத்த வால்வு என்ற கட்டைவிரல் அளவுப் பொருள். காலை எடுத்தபின்னும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை விட்டுவைப்பது அதன் வேலை. டிரம் பிரேக்கின் வலுவான ஸ்பிரிங்குகளுக்கு எதிராக நிற்க, சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு வால்வு போடுவார்கள். காலிப்பரைவிடத் தாழ்வாக, தரைக்கடியில் மாஸ்டர் சிலிண்டர் உள்ள கார்களில், எண்ணெய் பின்னோக்கி வடியாதிருக்க, டிஸ்க்குக்கு 2 பவுண்டு வால்வு போடுவார்கள். கடையில் பரவலாகக் கிடைப்பவற்றில் 10 பவுண்டுக்குச் சிவப்பு, 2 பவுண்டுக்கு நீலம். என் காரில் முன் டிஸ்க்குக்குப் போகும் குழாயில் சிவப்பும், பின் டிரம்முக்குப் போகும் குழாயில் நீலமும் இருந்தன. இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த முன் காலிப்பரின் பிஸ்டன் மூன்று அங்குலத்துக்குச் சற்றே குறைந்த விட்டமுள்ளது, பரப்பு ஏறக்குறைய 6.8 சதுர அங்குலம். 10 பவுண்டு எச்ச அழுத்தம் அதன்மேல் 68 பவுண்டு விசையோடு, காலே வைக்காதபோதும், ஓயாமல் பேடை அழுத்திக்கொண்டிருந்தது. கால் மைல் ஓடிவிட்டு டிரெய்லரில் ஏறும் காருக்கு இது தெரியவே தெரியாது. நோவாவில் மாஸ்டர் சிலிண்டர் உயரத்தில் இருப்பதால் முன்னால் எந்த வால்வும் தேவையில்லை. சிவப்பை எடுத்துப் பின்னால் போட்டேன், நீலம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. முதல் மிதிக்குத் தாழ்ந்தும் இரண்டாவது மிதிக்கு உயர்ந்தும் வந்துகொண்டிருந்த பெடலின் குறும்பும் அன்றோடு நின்றது.

இரண்டாம் கோடையில்தான் மிலன் ட்ராக்வே என்ற டிராக் பந்தயத் திடலுக்குப் போனேன். டெட்ராய்ட்டிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதலில் பர்ன் அவுட் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் பிரேக் சங்கதிதான். பின் டயரைச் சுழற்றிச் சூடாக்கி ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவரும்போது, முன்சக்கரங்கள் மட்டும் பிடிபட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் லைன் லாக் என்ற சொலினாய்டு வால்வு. கியர் நெம்புகோலுக்குப் பேர்போன ஹர்ஸ்ட் நிறுவனத்தின் பொருட்பெயரே இன்று பொதுப்பெயராகிவிட்டது. 2015 முதல் வந்த மஸ்டாங் ஜி.டி.யில் ஃபோர்டு இதை மென்பொருளாகவே கொடுத்துவிட்டது. பழைய காரில் பிரேக்கை அழுத்தி, பொத்தானை அமுக்கி, காலை எடுத்தால், முன்குழாயில் அழுத்தம் சிறைப்படும், பின்சக்கரம் விடுபடும். பொத்தானை விட்ட கணமே முன்சக்கரமும் விடுபட வேண்டும்.

என் காரில் அந்தச் சொலினாய்டு, முன்குழாய் இடமும் வலமும் பிரியும் சந்திக்குப் பின்னால், வலது சக்கரத்துக்குப் போகும் கிளையில் மட்டும் இருந்தது. குழாய் வளைக்க எளிதான இடத்தில் யாரோ பூட்டியிருக்கிறார்கள். ஒரு சக்கரம் மட்டும் பிடிபட்ட கார் பர்ன் அவுட்டில் நேராக நிற்காது; பர்ன் அவுட்டுக்கு முன் டயரை நனைக்கும் தண்ணீர்த் தொட்டியில் என் காரின் மூக்கு மெதுவாகச் சுவரை நோக்கித் திரும்பியபோதுதான் எனக்கு அது தெரிந்தது. சந்திக்கு முன்னால், இரண்டு சக்கரத்துக்கும் பொதுவான குழாயில் அது இருக்க வேண்டும். கம்பியில் ஃபியூஸ் போட வேண்டும், பொத்தான் அமுங்கியிருப்பதைக் காட்டும் விளக்கும் வேண்டும், கையை எடுத்தால் தானாக விடும் பொத்தானாகவே இருக்க வேண்டும். இதைக் கை பிரேக்காகப் பயன்படுத்திச் சரிவில் காரை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுருள் சூடாகி எரிந்தாலோ பேட்டரி இறங்கினாலோ கார் கிளம்பிவிடும்.

அன்று மூன்றாவது ஓட்டத்தில் 12.2 விநாடி, முடிவுக் கோட்டைக் கடக்கும்போது மணிக்கு 111 மைல். முதல் அறுபது அடியைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள்; எனக்கு நினைவில் நிற்பது கோட்டுக்குப் பின்னால் உள்ள தொலைவுதான். 60 மைல் வேகத்தைவிட 110 மைல் வேகத்தில் காரின் இயக்க ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பெடலை மிதித்தேன், ஆறு அங்குல அகலமுள்ள முன் டயர்கள் இரண்டும் கணத்தில் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கின. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் திரும்பவில்லை. காலைத் தளர்த்தி, மீண்டும் மெதுவாக அழுத்தி, கடைசி வெளிவழியில் வியர்த்துப்போய்த் திரும்பினேன். முன்பு நிற்காத கார், இப்போது அளவுக்கு மீறி நிற்கப் பார்க்கிறது. இந்த விளையாட்டில் நிறுத்துவதற்கான இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, 2008இல் இங்கிலிஷ்டவுன் பந்தயத் திடலில் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா இறந்தபின் மிக வேகமான இரண்டு பிரிவுகளுக்கும் ஓடுதொலைவை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாக அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. குறைத்ததே சாட்சி. மணிக்கு 150 மைல் தொடும் கார்களுக்கு பாராசூட் கட்டாயம்; என்னைப்போன்ற 111 மைல்காரனுக்கு நான்கு சக்கரங்கள் மட்டும்தான்.

முன்னால் ஏன் பூட்டியது என்பதற்கு ஒன்றல்ல, மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று, டயரின் அகலம். தொழிற்சாலை முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அகல டயரை நினைத்துக்கொண்டு பிரேக்கைப் பங்கிட்டது. என் காரில் முன்னால் ஆறு அங்குலம், பின்னால் பத்து அங்குல ஒட்டும் ரப்பர். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் (என் காரின் 111 அங்குலச் சக்கர இடைவெளிக்குத் தோராயமாகக் கணக்கிட்டால் 400 பவுண்டு வரை) முன்சக்கரத்துக்குப் பெரும்பங்கு தேவைதான், ஆனால் தொழிற்சாலை கொடுத்த அளவுக்கு அல்ல. இரண்டாவது, 90/10 என்று சொல்லும் டிராக் ஷாக் அப்சார்பர். அது எளிதாக விரியும், கடினமாகத்தான் சுருங்கும். மூக்கைத் தூக்கி எடையைப் பின்னால் அனுப்ப மிகச் சிறந்தது. பிரேக் பிடிக்கும்போதோ மூக்கு இறங்க மறுத்து, சாலையின் சிறு மேடுகளில் முன் டயர் துள்ளுகிறது. மாற்றிக்கொள்ளக்கூடிய அழுத்தமுள்ள ஷாக் போட்டபின் அந்தத் துள்ளல் பெருமளவு நின்றது. பொதுச்சாலையில் ஓடும் காரில் 90/10 எதற்கு என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்ளும் நண்பர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது காரணம் பின் பிரேக் தன் பங்கைச் செய்யாதது. பின்குழாயில் இரண்டு பங்கீட்டு வால்வுகள் அடுத்தடுத்து இருந்தன: தொழிற்சாலை பாணிக் கூட்டு வால்வு ஒன்று, அதன்பின் கையால் திருகும் வால்வு ஒன்று. இரண்டும் அழுத்தத்தைக் குறைப்பவை. ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் பின்சக்கரத்துக்கு எதுவும் மிஞ்சாது. கூட்டு வால்வை எடுத்துவிட்டு, முன் டிஸ்க்கைச் சற்றே தாமதிக்கும் வால்வை மட்டும் தனியாக வைத்து, பின்னால் திருகு வால்வை மட்டும் விட்டேன். பின்பு, அனுமதி கேட்டுப் பெற்ற ஒரு காலி வாகன நிறுத்துமிடத்தில், பின்சக்கரத்தின் பக்கவாட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு நண்பரை எட்ட நிற்க வைத்து, மணிக்கு 30 மைலில் தொடங்கினேன். திருகைப் பின்னுக்கு மிகக் குறைந்த அழுத்தத்தில் வைத்துக்கொண்டு, அரைத் திருப்பாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முன்சக்கரம் ஒரு மயிரிழை முன்னால் பூட்ட வேண்டும், பின்சக்கரம் அதன்பிறகுதான். பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் பம்பரமாகச் சுழன்றுவிடும். அந்தத் தவறுக்கு 110 மைலில் மன்னிப்பில்லை. 30 மைலில் சரியாக இருந்தது 50 மைலில் சரியாக இல்லை, ஏனென்றால் கடுமையாக நிற்கும்போது எடை இன்னும் முன்னால் போகிறது. அதிக வேகத்தில் கிடைத்த அளவையே வைத்துக்கொண்டேன். மழையில் இந்தக் காரை எடுப்பதில்லை.

பேட் விஷயத்தில் ஒரு நூதனமான தவறு செய்தேன். பந்தயம் என்று பெட்டியில் எழுதியிருந்ததைப் பார்த்து வட்டப்பாதைப் பந்தயத்துக்கான பேடுகளை வாங்கினேன். அவை சூடேறினால்தான் பிடிக்கும். டிராக் பந்தயத்தில் முன் பிரேக் சூடேறவே வாய்ப்பில்லை: பர்ன் அவுட்டில் சக்கரம் சுழலாமல் நிற்கிறது, ஓட்டத்தில் பிரேக்கைத் தொடுவதில்லை, கோட்டைக் கடந்தபின் ஒரே ஒருமுறை, முழு வேகத்திலிருந்து, ஆறிப்போன பேடைக் கொண்டு நிறுத்த வேண்டும். ஆகவே குளிர்ந்த நிலையிலேயே கடிக்கும் சாதாரணச் சாலைப் பேடுதான் சரி. இதற்கு எதிர்ப்பக்கத்தில், எடை குறைக்க மெல்லியதாகச் செய்து துளைகள் போட்ட டிராக் டிஸ்க்குகள் உண்டு. அந்த ஒரே நிறுத்தத்துக்குப் போதும், ஆனால் வெப்பத்தை வாங்கிக்கொள்ள உலோகமே இல்லாததால் வுட்வர்ட் போன்ற சாலைக்கு ஆகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான கார்ப் பிரேக் குழாயின் விரிந்த வாய் 45 பாகை, பந்தயக் கடைகளில் விற்கும் உலோகப் பின்னல் ஹோஸின் வாய் 37 பாகை. இரண்டையும் திருகினால் இறுகும், ஒரு வாரம் கழித்துச் சொட்டும். பிரேக் ஆயிலில் டாட் 4 போடுகிறேன், கொதிநிலை 230 பாகை செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தபின் அது 155 வரை இறங்கக்கூடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறேன். சிலிக்கான் வகையான டாட் 5 பெயிண்டைக் கெடுக்காது என்பதற்காகக் காட்சிக்கு வைக்கும் கார்களில் போடுவார்கள். பெடல் பஞ்சாகிறது என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை, மற்றவற்றோடு கலக்கவும் கூடாது. இடது பின் டிரம்மைக் கழற்றியபோது ஆக்ஸில் சீல் கசிந்து கியர் எண்ணெயில் ஊறிய ஷூவைக் கண்டேன். துடைத்துப் போடலாம் என்று தோன்றும். எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்து மீட்க முடியாது, புதியதுதான் போட வேண்டும்.

பின் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. கியர் பெட்டியையே பூட்டிக் காரை நிறுத்தி வைக்கும் டிரான்ஸ் பிரேக் இல்லாத என் காரில், கிளம்பும் கோட்டில் எஞ்சினை 2,000 சுற்றுக்கு ஏற்றிக்கொண்டு காலால் பிடித்து நிற்கும்போது, முன்னோக்கித் தள்ளும் ஆக்ஸிலைத் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்து வைப்பது அந்தப் பழைய டிரம்தான். டிஸ்க் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கார் அதே 2,000 சுற்றில் மெல்ல ஊர்ந்து கிளம்பும் கோட்டின் ஒளிக்கற்றையைத் தாண்டிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வரும் வசந்தத்தில் ஆக்ஸில் சீலை மீண்டும் பார்க்க வேண்டும்; அப்போது டிரம் வட்டம் தவறாமல் இருந்தால், இன்னொரு கோடை அதோடு ஓட்டிப் பார்க்கலாமென்றிருக்கிறேன்.